ஸ்கேன் சுத்தம் என்றான பிறகும் மூளைக்கட்டி வந்த குழந்தைக்கு இத்தனை டாக்டர்கள் எதற்கு, எத்தனை ஆண்டுக்கு?

உங்கள் மகளுக்கு 6 வயதில் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டி வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை, தலைக்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் ரேடியேஷன், பிறகு சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், லோமுஸ்டின் சேர்ந்த கீமோ என்று எல்லாம் முடிந்து 2 ஆண்டு ஆகிறது. இப்போது அவளுக்கு 9 வயது, எம்.ஆர்.ஐ. ஒவ்வொரு முறையும் சுத்தமாக வருகிறது. அப்படியிருக்க ஹார்மோன் டாக்டர், காது, கண், பல், மனவியல் நிபுணர் என்று மாற்றி மாற்றி ஏன் அனுப்புகிறார்கள், பள்ளிக்கூடம் வேறு கெடுகிறது, இது எப்போது முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் அதற்குள் இருப்பதாகப் படுகிறது: கட்டி போய்விட்டதென்றால் பிள்ளை குணமாகிவிட்டாள் என்று நம்பலாமா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவளுடைய கோப்பு என் முன்னால் இல்லை. ஆகவே கீழே வரும் அளவுகளை உங்கள் டாக்டரிடம் கேட்கும் கேள்விகளாக எடுத்துப் போங்கள். அவற்றை வைத்து நீங்களாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

ஸ்கேன் முக்கியமாகப் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: கட்டி திரும்ப வந்திருக்கிறதா? மெடுல்லோபிளாஸ்டோமா திரும்பினால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதனால் 2 ஆண்டு சுத்தமான ஸ்கேன் நிஜமாகவே நல்ல செய்தி, தயங்காமல் சந்தோஷப்படலாம். பல மையங்களில் முதல் 2 ஆண்டு ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒருமுறை, 5 ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று எடுப்பார்கள். முதுகுத்தண்டு ஸ்கேனை எவ்வளவு நாள் தொடர்வது என்பதில் மையத்துக்கு மையம் வித்தியாசம் உண்டு. வேறு கட்டியென்றால் கணக்கும் வேறு. எபென்டிமோமா 5 ஆண்டு கழித்தும் திரும்பக்கூடும். மெதுவாக வளரும் கிளையோமாவில் மிச்சம் வைத்த பகுதி பல ஆண்டு அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு வளரலாம். எனவே பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்குச் சொன்ன அட்டவணையை உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். இன்னொன்று: ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் 'புதிதாக ஒரு புள்ளி தெரிகிறது' என்று வந்தால் உடனே கட்டி என்று முடிவு கட்டவும் வேண்டாம். ரேடியேஷன் பட்ட மூளையில் திசு மாற்றங்களும் சிறு ரத்தக்குழாய்த் திரள்களும் வருவது உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் சில வாரம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, குழுவாக உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். அந்தக் காத்திருப்பு கொடுமையானது. ஆனால் அவசரப்பட்டு எடுக்கும் முடிவு அதைவிட மோசமாகலாம்.

மற்ற டாக்டர்கள் பார்ப்பது கட்டியை அல்ல, கட்டியை விரட்டிய சிகிச்சை வளரும் உடம்பில் விட்டுப் போனதை. எது எந்த உறுப்பைத் தொடும் என்பது குருட்டாம்போக்கான விஷயமில்லை. எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம், ரேடியேஷன் எந்த இடத்துக்கு எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு), அப்போது வயது என்ன என்ற நான்கும் தெரிந்தால், எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே எழுதிவிடலாம். அமெரிக்காவின் சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் வெளியிடும் நீண்டகாலப் பின்தொடர் வழிகாட்டி இந்த முறையில்தான் அமைந்திருக்கிறது. அதன் 6ஆம் பதிப்பு 2023இல் வந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் பல மையங்களில் 'சர்வைவர்ஷிப் பாஸ்போர்ட்' என்ற பெயரில் சிகிச்சைச் சுருக்கம் கொடுக்கும் முறை இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் அப்படி எதுவும் தரவில்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: கட்டியின் பெயரும் மூலக்கூறு வகையும், அறுவை நடந்த தேதியும் மிச்சம் இருந்ததா என்பதும், தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் தந்த கதிர் அளவு, கட்டி இருந்த இடத்துக்குத் தந்த கூடுதல் அளவு, ஹார்மோன்களுக்குக் கட்டளையிடும் ஹைபோதலாமஸ்-பிட்யூட்டரி என்ற மூளைப் பகுதிக்கும் உள்காதுக்கும் போய்ச் சேர்ந்த அளவு, ஒவ்வொரு கீமோ மருந்தின் மொத்த அளவு, ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) இருந்தால் அதன் வகையும் வால்வின் அழுத்த அமைப்பும். சாதாரண அபாயப் பிரிவு மெடுல்லோபிளாஸ்டோமாவில் வழக்கமாகத் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் 23.4 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் சுமார் 54 கிரே. அதிக அபாயப் பிரிவில் முதல் எண் 36 கிரே வரை போகும். இந்த இரண்டில் எது உங்கள் மகளுக்கு என்பதைப் பொறுத்தே அடுத்த 20 ஆண்டுப் பட்டியல் மாறும்.

ஹார்மோன் டாக்டரிடமிருந்து தொடங்குகிறேன். மிகவும் அமைதியாக வந்து, சரியான நேரத்தில் கண்டால் முழுக்கச் சமாளிக்கக்கூடியதும், தவறவிட்டால் உயிருக்கே ஆபத்தாகக்கூடியதும் அங்கேதான் இருக்கின்றன. ரேடியேஷனுக்கு முதலில் தளர்வது வளர்ச்சி ஹார்மோன். 18 கிரே அளவிலேயே அது குறையத் தொடங்கலாம், சிகிச்சை முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரியவும் வரும். தைராய்டையும் அட்ரீனலையும் தூண்டும் ஹார்மோன்கள் பெரும்பாலும் 30 கிரேக்கு மேல் பட்டவர்களுக்குத்தான் குறைகின்றன, அதுவும் 5, 10 ஆண்டு கழித்துக்கூட. 'போன வருடம் எல்லாம் நார்மல்' என்பது இந்த வருடத்துக்குச் செல்லுபடி ஆகாது என்பதற்கு இதுதான் காரணம்.

உயரத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை, அதே அளவுகோலில், செருப்பில்லாமல் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்த வயதில், பூப்படைவதற்கு முன், ஆண்டுக்கு 5 சென்டிமீட்டரை ஒட்டி வளர வேண்டும். 4 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆராய வேண்டும். முதுகுத்தண்டுக்குக் கதிர் பட்ட குழந்தைகளில் முதுகெலும்புகள் சரியாக வளராமல் உடல் குட்டையாகவும் கால் நீளமாகவும் போகும். அதனால் நின்ற உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் இதை மறந்துவிடுகிறார்கள். ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்தது என்பதால் மட்டும் வளர்ச்சி ஹார்மோன் சரி என்று விட்டுவிட முடியாது. தலைக்கு ரேடியேஷன் பெற்றவர்களில் அந்த ஒரு எண் நம்பத்தகுந்ததல்ல, மருந்து கொடுத்து ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் தூண்டல் சோதனை தேவைப்படலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்குவதென்றால் சிகிச்சை முடிந்து, நோய் இல்லாமல் ஓர் ஆண்டாவது கடந்த பிறகு தொடங்குவதே வழக்கம். வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தால் கட்டி திரும்ப வருமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. இதுவரை வந்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கட்டி திரும்ப வரும் விகிதம் ஊசி போட்டவர்களில் கூடவில்லை. ஊசி போடும் காலத்தில் இடுப்பிலோ முழங்காலிலோ வலி வந்து நொண்டினால், அல்லது புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால், உடனே தெரிவிக்க வேண்டும். முதலாவது தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவதாக இருக்கலாம், இரண்டாவது மண்டைக்குள் அழுத்தம் கூடுவதாக இருக்கலாம்.

இதில் ஏமாற்றும் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைக்கு ரேடியேஷன் பட்ட பெண் குழந்தைகள் சிலர் சீக்கிரமே பூப்படையத் தொடங்குவார்கள். 8 வயதுக்கு முன் மார்பு வளர்வது தெளிவாக முன்கூட்டி. 8, 9 வயதில் தொடங்கினாலும், இப்படிப்பட்ட பின்னணி உள்ளவர்களில் அதைச் சாதாரணம் என்று விடக்கூடாது. பூப்பு ஹார்மோன் வந்ததும் உயரம் வேகமாகக் கூடும், 'நன்றாகத்தானே வளர்கிறாள்' என்று தோன்றும். உள்ளே வளர்ச்சி ஹார்மோன் குறைவாகவே இருக்கும், எலும்பு மட்டும் வயதுக்கு மீறி முதிர்ந்து மூடத் தொடங்கும், கடைசி உயரம் பறிபோகும். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்தால் இது பிடிபடும். மாதம் ஒருமுறையோ 3 மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசியால் பூப்பை நிறுத்திவைக்கலாம். உங்கள் மகள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள், எனவே அடுத்த சந்திப்பை இந்தக் காரணத்துக்காகவே தள்ளிப்போடாதீர்கள். ஆண் குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று கூடுதலாக: கீமோ விதைப்பையைச் சுருங்க வைத்திருக்கும் என்பதால், அதன் அளவை வைத்துப் பூப்பைக் கணிப்பது அவர்களில் தவறாகப் போகும். காலை நேர டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தைராய்டு இரண்டு பக்கமிருந்தும் பாதிக்கப்படலாம். முதுகுத்தண்டுக்கான கதிர் கழுத்தைக் கடந்து போவதால் சுரப்பியே நேரடியாகப் பழுதாகலாம். அப்போது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறும், சாதாரணப் பரிசோதனையிலேயே தெரியும். மூளையில் இருக்கும் கட்டளை குறைந்தால் டி.எஸ்.எச். நார்மலாகவே இருக்கும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 மட்டும் இறங்கும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்துவிட்டு 'தைராய்டு நார்மல்' என்று அனுப்பிவிட்டால் இந்த இரண்டாவது வகை முழுக்கத் தப்பிவிடும். ஆகவே ஆண்டுதோறும் இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று டாக்டர் கையால் பார்ப்பதும் ஆண்டுதோறும் வேண்டும்.

அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசால் ஹார்மோன்தான் உயிர் சம்பந்தப்பட்டது. காலை 8 மணியளவில் எடுக்கும் ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. நடுவே தொங்கும் எண் வந்தால் தூண்டல் சோதனை தேவை. மதியம் எடுத்த கார்டிசாலை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. குறைபாடு இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை வழக்கத்தைப்போல் 2 முதல் 3 மடங்கு கொடுக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை நிற்கவில்லையென்றால், மயக்கம் வந்தால், ஊசியாகப் போட வேண்டும்: 3 முதல் 12 வயது வரை பொதுவாக 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி. இந்த எண்களை டாக்டர் கையெழுத்திட்ட அட்டையில் வாங்கி வீட்டிலும் பள்ளியிலும் வையுங்கள். ஊசி போடும் முறையை வீட்டில் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். எந்தச் சிறு அறுவைக்கும், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல் வேலைக்கும் முன்பாக இதைச் சொல்ல வேண்டும். தைராய்டும் கார்டிசாலும் இரண்டுமே குறைவாக இருந்தால் முதலில் கார்டிசாலைச் சரிசெய்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிள்ளை திடீரென்று சரிந்துவிடலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்கிய பிறகு, அதுவரை மறைந்திருந்த தைராய்டு, கார்டிசால் குறைபாடுகள் வெளிப்படுவதும் உண்டு. அதனால் தொடங்கிய சில வாரங்களில் இரண்டையும் மறுபடி பார்ப்பார்கள்.

அடுத்தது காது. சிஸ்பிளாட்டின் உள்காதின் முடி போன்ற செல்களை அழிக்கிறது, அவை மறுபடி முளைப்பதில்லை. இழப்பு 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையான உயர்ந்த ஒலிகளில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். மருந்து நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடலாம், கதிரும் சேர்ந்தால் இன்னும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், டிவி சத்தம் கேட்கும், ஆகவே வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ச, ஸ, ஃப போன்ற மெல்லிய உயர் ஒலிகள்தான் நழுவும். அமைதியான அறையில் சமாளிப்பவள் 40 பேர் பேசும் வகுப்பில் பாதியைத் தவறவிடுவாள். கவனக்குறைவு என்று ஆசிரியர் எழுதி அனுப்பும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் காதுதான் பிரச்சினை. 8,000 ஹெர்ட்ஸ் வரை எடுத்த ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை) வேண்டும். 6 முதல் 12 வயதுக்குள் குறைந்தது 2 ஆண்டுக்கு ஒருமுறை, ஏற்கெனவே குறைவு தெரிந்திருந்தால் ஆண்டுதோறும். சிறு குறைவு என்று சொல்லிக் காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆசிரியர் அணியும் மைக்கிலிருந்து நேரடியாகக் கருவிக்கு ஒலி வரும் அமைப்பு வகுப்பில் பெரிய வித்தியாசம் செய்யும். பின்னாளில் வேறு நோய்க்கு, காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டமைசின், அமிகாசின் போன்ற ஊசி தேவைப்பட்டால், சிஸ்பிளாட்டின் வாங்கியவள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு மருந்து இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மனவியல் நிபுணர் எதற்கு என்றுதான் நீங்கள் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவள் மனநோயாளி என்று யாரும் சொல்லவில்லை. தலை முழுவதும் ரேடியேஷன் பட்ட குழந்தைகளில் மூளைக்குள் செய்தி போய்வரும் வேகமும், ஒரு விஷயத்தை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனும், கவனமும் குறைகின்றன. இவை பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டவை. சிறு வயதில் ரேடியேஷன் பட்டிருந்தால் தாக்கம் அதிகம், அளவு கூடினாலும் அதிகம். கற்றது மறந்துபோவதல்ல இங்கே நடப்பது. புதிதாகக் கற்கும் வேகம் வயதுத் தோழர்களுக்கு ஈடுகொடுக்காமல் மெல்லப் பின்தங்குகிறது. எனவே 2ஆம் வகுப்பில் தெரியாத இடைவெளி, பாடம் நீளமாகி எழுத்து வேலை கூடும் 5, 6ஆம் வகுப்பில் திடீரென்று தெரியும். 'முன்பு நன்றாகப் படித்தாள், இப்போது சோம்பேறி ஆகிவிட்டாள்' என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் கிளம்பும். தயவுசெய்து அந்தச் சொல்லை வீட்டுக்குள் வரவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு சில நாள் அல்லது சில வாரம் அவள் பேச்சே இல்லாமல் இருந்திருந்தால் அதை மறக்காமல் நிபுணரிடம் சொல்லுங்கள். அந்தப் பாதிப்பு வந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் கற்றல் உதவி அதிகமாகவே தேவைப்படுகிறது.

சோதனை என்பது சில மணி நேரம் புதிர், நினைவு, வேகம், வாசிப்பு, கணக்கு என்று உட்காரவைத்துச் செய்வது. முதலில் ஒரு அடிப்படை அளவு, பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது பள்ளி நிலை மாறும்போதெல்லாம். மொத்த மதிப்பெண் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்தத் திறன் எவ்வளவு, அதற்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பலன் தருபவை எளிமையானவைதான்: தேர்வில் கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு, முன்வரிசை இருக்கை, ஒரே மாதிரியான 20 கணக்குக்குப் பதில் 8 கணக்கு, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, மதியத்தில் சிறிது ஓய்வு. சிறுமூளை அறுவையால் கை நடுங்கினால் தட்டச்சு செய்ய அனுமதி. கவனத்துக்கான மெதில்பெனிடேட் மருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டு, சிலருக்குக் கவனம் முன்னேறியது உண்மை. ஆனால் எல்லோருக்கும் இல்லை. தேர்வு மதிப்பெண் கூடுமா என்பதில் ஆதாரம் பலவீனம். கணினி விளையாட்டு வழி நினைவுப் பயிற்சிகள் பயிற்சி செய்த வேலையில் முன்னேற்றம் தருகின்றன, அது வகுப்பறைக்குள் எவ்வளவு வருகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. முதலில் தைராய்டும் காதும் தூக்கமும் சரியா என்று பார்த்துவிட்டே இந்தப் பக்கம் போவது நல்லது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணில் புரையும் பார்வை நரம்பும் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை. பல் வேர்கள் குட்டையாக வளர்ந்திருக்கலாம், ஆகவே 6 மாதத்துக்கு ஒருமுறை. பற்களுக்குக் கம்பி போடுவதற்கு முன் முழுத் தாடை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதுகு வளைகிறதா என்று குனியவைத்துப் பார்ப்பது ஒவ்வொரு சந்திப்பிலும், பூப்பு வளர்ச்சி நேரத்தில் இன்னும் கவனமாக. எலும்பு அடர்த்தி ஒருமுறை அடிப்படை அளவாக. சிஸ்பிளாட்டினுக்காகச் சிறுநீரக அளவுகளும் மக்னீசியமும், லோமுஸ்டினுக்காக ஒருமுறை நுரையீரல் திறன் சோதனை. வின்கிரிஸ்டினால் பாதம் தொங்கினால், தடுக்கி விழுந்துகொண்டே இருந்தால், பிசியோதெரபி. முதுகுத்தண்டுக் கதிர் இதயத்தைக் கடந்து போயிருந்தால், அளவைப் பொறுத்து எக்கோ (இதய ஸ்கேன்). கதிர் பட்ட தலைத்தோலையும் முதுகையும் வெயிலிலிருந்து காத்து, ஆறாத புண்ணோ புதிய மச்சமோ வந்தால் காட்ட வேண்டும். விட்டுப்போன தடுப்பூசிகளை எப்போது மறுபடி தொடங்கலாம் என்று கீமோ டாக்டரிடமே கேளுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருப்பையும் சூலகமும் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதிக்குப் போன கதிர் சூலகத்தை ஓரளவு தொட்டிருக்கும். லோமுஸ்டின், சைக்ளோபாஸ்பமைட் வகை மருந்துகளும் முட்டைகளைக் குறைக்கும். எனவே ஒரே பிள்ளைக்கு இப்போது முன்கூட்டிய பூப்பும் பிற்காலத்தில் சீக்கிரமே சூலகம் ஓய்வதும் இரண்டுமே நேரலாம். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லையென்றால், அல்லது வந்த மாதவிலக்கு நின்றுபோனால், ஆராய வேண்டும். முட்டை சேமிப்பு பற்றிய பேச்சு பதின்வயதிலேயே வர வேண்டியது, தாமதித்தால் வாய்ப்பு குறையும்.

தொலைவில் வரக்கூடியவை இரண்டு: ரத்தக்குழாய்ப் பாதிப்பும் இன்னொரு கட்டியும். தலைக்குக் கதிர் பட்டவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல், அளவு கூடக்கூட அது ஏறும். உயர் ரத்த அழுத்தம் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆகவே ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், எடை, அவ்வப்போது கொழுப்பும் சர்க்கரையும். கதிர் பட்ட இடத்தில் மெனிஞ்சியோமா என்ற பெரும்பாலும் தீங்கற்ற கட்டி 15, 20 ஆண்டு கழித்தும் வரலாம். கிளையோமா அதைவிட முன்னதாக வரலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருப்பதா என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தைராய்டுக்கு ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்டா, கையால் தொட்டுப் பார்த்தால் போதுமா என்பதிலும் இதே நிலை. அதிகம் தேடினால் தீங்கில்லாத முடிச்சுகளும் கிடைத்துத் தேவையற்ற அறுவையில் முடியலாம். புரோட்டான் கதிர் சிகிச்சை முதுகுத்தண்டுக்கு முன்னால் இருக்கும் இதயம், குடல், தைராய்டு ஆகியவற்றுக்குப் போகும் கதிரைக் குறைக்கிறது என்பது கணக்கில் உறுதி. ஆனால் தலை முழுவதும் கதிர் தந்தால் ஹைபோதலாமஸ் தப்புவதில்லை, புரோட்டான் என்பதற்காக ஹார்மோன் பரிசோதனையை விட முடியாது. கட்டியின் மூலக்கூறு வகை எஸ்.எச்.எச். என்று இருந்தால் பரம்பரை மரபணுச் சோதனை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அதில் டிபி53, பி.டி.சி.எச்.1, எஸ்.யு.எஃப்.யு. என்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் கண்காணிப்பு முறையே மாறும், உடன்பிறந்தவர்களுக்கும் பொருந்தும்.

எந்த நாளிலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை இவை. காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போவது, அதிகத் தூக்கம், கண்ணை மேலே தூக்க முடியாமை: ஷன்ட் அடைத்திருக்கலாம், ஷன்ட் இல்லாமல், நீர் வடியத் துளையிட்டு வழி செய்திருந்தாலும் அது பல ஆண்டு கழித்துக்கூட மூடலாம். முகம் கோணுவது, ஒரு கை வலுவிழப்பது, பேச்சு குழறுவது. புதிதாக வலிப்பு. கார்டிசால் குறைபாடு உள்ள பிள்ளை வாந்தியோடு சோர்ந்து போவது. வெளியிலிருந்து அழுத்தம் மாற்றக்கூடிய ஷன்ட் வால்வு என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றே அதன் அமைப்பு மாறவில்லையே என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். எந்திரத்தின் காந்தம் சில மாடல்களை மாற்றிவிடும்.

பள்ளி கெடுவது நிஜமான பிரச்சினை. காலை 8 மணி ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்பதால், அந்த ஒரு நாளை மையமாக வைத்து ஆடியோகிராம், கண், ஹார்மோன் டாக்டர் மூன்றையும் அதே நாளில் போடச் சொல்லிக் கேட்கலாம். மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேனில் அசையாமல் படுக்கும் வயது அவளுக்கு வந்திருக்கலாம், ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லுங்கள். மனவியல் சோதனையை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். ஊசி குத்திக் களைத்த பிள்ளையிடம் எடுக்கும் அளவு தவறாக வரும். அதை நன்றாகத் தூங்கி எழுந்த விடுமுறை நாள் காலையில் வையுங்கள்.

எத்தனை ஆண்டுக்கு என்றால், வாழ்நாள் முழுவதும்தான், ஆனால் இதே அடர்த்தியில் இல்லை. வளர்ச்சி முடியும் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே டாக்டரிடம், தேவைப்பட்டால் மட்டும் மற்றவர்கள். அவள் முதுகுத்தண்டு முழுவதும் கதிர் பெற்றவள் என்பதால், மற்றவர்களைவிட முன்னதாகவே, சுமார் 30 வயதிலிருந்து பெருங்குடல் பரிசோதனை பற்றிப் பேச வேண்டியிருக்கும். குழந்தைகள் மருத்துவமனையை விட்டுப் பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும் 16 முதல் 18 வயதுக்குள்தான் பலர் பின்தொடர்தலிலிருந்து காணாமல் போகிறார்கள், புதிய டாக்டருக்குப் பழைய கதிர் அளவு தெரியாமலும் போகிறது. 12, 13 வயதிலிருந்தே தன் நோயின் பெயரையும், தனக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதையும், எந்த மாத்திரை எதற்கு என்பதையும் அவளே டாக்டரிடம் சொல்லப் பழக்குங்கள். சிகிச்சைச் சுருக்கத்தின் ஒரு நகல் அவள் கைபேசியிலும் இருக்கட்டும். அவள் கேட்கும் கேள்விகளுக்கு அவள் முன்னாலேயே பதில் சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். 9 வயதுக்குப் புரியும் அளவில் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.